உறைக்கிணற்று நீரும் கறுத்துப்போன சோதனைக் குப்பியும்

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். கொல்லையில் மாமனார் காலத்தில் இறக்கிய 28 அடி உறைக்கிணறு இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் தெளிவாகவும் ருசியாகவும் இருக்கும். டிடிஎஸ் மீட்டரில் 380 காட்டுகிறது. சென்ற ஆண்டு பக்கத்து மனையில் வீடு கட்டியவர்கள், எங்கள் கிணற்றிலிருந்து ஏறத்தாழ 25 அடி தள்ளி செப்டிக் டேங்க் போட்டார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு என் நான்கு வயது மகளுக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்தது. சந்தேகப்பட்டு, ஆன்லைனில் பாக்டீரியா சோதனைக் குப்பிகள் இரண்டு வாங்கினேன். வாளியில் இறைத்த நீரை ஒன்றிலும் சமையலறைக் குழாய் நீரை மற்றொன்றிலும் ஊற்றினேன். வாளித் தண்ணீர் ஒரே நாளில் கறுத்துவிட்டது; குழாய்த் தண்ணீர் மறுநாள் மாலைதான் சாம்பல் நிறமானது. இந்தச் சோதனையை நம்பலாமா? வீட்டிலேயே சரியாகச் செய்வது எப்படி? கிணற்றை மூடிவிட வேண்டுமா? கடைக்காரர் ஆர்.ஓ. போட்டால் போதும் என்கிறார்.

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

மற்ற எதையும் படிப்பதற்கு முன், இன்று முதல் குடிக்கும் நீரையும், பல் துலக்கும் நீரையும், பச்சையாகச் சாப்பிடும் காய்கனிகளைக் கழுவும் நீரையும் கொதிக்க வைத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிடுங்கள். நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் அப்படியே கொதித்தால் போதும். ஆறிய நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், அதே பாத்திரத்தில் மூடிவைத்து, கைபடாமல் கரண்டியால் மொண்டு எடுங்கள். குழந்தைக்கு மீண்டும் வயிற்றுப்போக்கு வந்தால் கொதித்து ஆறிய நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். குழந்தையின் நோய்க்குக் கிணறுதான் காரணம் என்று இரண்டு குப்பிகளை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அது உறுதியாகும்வரை காத்திருக்கவும் கூடாது.

கறுத்த குப்பியை நம்பலாமா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. நம்புங்கள் என்பதே என் பதில். இந்தச் சோதனையில் ஐயம் கொள்ள வேண்டியது கறுக்காத குப்பியைப் பற்றித்தான். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் குப்பிக்குள் நடப்பது தெரிந்தால் வீட்டிலேயே அதைச் சரியாகச் செய்வது எளிது.

நீங்கள் பயன்படுத்தியது ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனை. குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த மாஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவர் 1982-இல் வெளியிட்ட எளிய முறை இது. ஆய்வக வசதி இல்லாத ஊர்களுக்காக உருவாக்கப்பட்டு, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. குப்பியின் அடியில் உள்ள காகிதத் துண்டிலோ பொடியிலோ நுண்ணுயிரிகளுக்கான உணவும், கந்தகம் கொண்ட தயோசல்ஃபேட் உப்பும், இரும்பு உப்பும் இருக்கின்றன. மனிதரின், விலங்குகளின் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் நீரில் இருந்தால், அவை அந்த உணவை உண்டு பெருகும்போது தயோசல்ஃபேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அந்த வாயு இரும்போடு சேர்ந்து கரிய இரும்பு சல்ஃபைடாகிறது. நீங்கள் பார்த்த கறுப்பு அதுதான்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. மலக்கலப்புக்கு முதன்மை அடையாளமாக ஆய்வகங்கள் தேடுவது ஈ-கோலை பாக்டீரியாவை. ஆனால் ஈ-கோலை பொதுவாக ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குவதில்லை. இந்தக் குப்பி காட்டுவது சிட்ரோபாக்டர், புரோட்டியஸ், சால்மொனெல்லா, கிளாஸ்ட்ரிடியம் போன்ற, மலத்தோடு வழக்கமாக வெளியேறும் வேறு சில உயிரிகளை. நிலத்தடியில் இயல்பாகவே வாழ்ந்து கந்தக வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் சில இடங்களில் இதைக் கறுக்க வைப்பதுண்டு. ஆகவே கறுத்த குப்பியை மலக்கலப்புக்கு வலுவான அறிகுறியாகக் கொண்டு உடனே பாதுகாப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். உறுதி செய்யும் வேலையை ஆய்வகத்திடம் விட வேண்டும். கொல்லையில் 28 அடி உறைக்கிணறு, 25 அடியில் செப்டிக் டேங்க், மழைக்குப் பின் நோய் என்று மூன்றும் சேர்ந்திருக்கும் உங்கள் வீட்டில் நான் மலக்கலப்பு என்றே எடுத்துக்கொள்வேன்.

கறுக்காத குப்பியை ஏன் நம்ப வேண்டாம் என்கிறேன் என்றால், அதற்கு அளவும் ஒரு காரணம். நம் நாட்டுக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, 100 மில்லி நீரில் ஒரு ஈ-கோலைகூட இருக்கக் கூடாது என்கிறது. கடையில் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலானவை 20 மில்லிதான் பிடிக்கும். 100 மில்லியில் நான்கைந்து பாக்டீரியாக்களே இருக்கும் நீரில் எடுத்த 20 மில்லியில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். அதனால் ஒரே நீருக்கு ஒரு குப்பி போதாது. ஐந்து குப்பிகளில் ஊற்றினால்தான் 100 மில்லி சோதித்த கணக்கு. ஐந்தும் கறுக்காவிட்டாலும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ போன்ற வைரஸ்கள் பாக்டீரியாவைவிட நீண்ட நாள் நிலத்தடி நீரில் தாக்குப்பிடிக்கக்கூடியவை என்பதால், செப்டிக் டேங்க் இவ்வளவு அருகில் இருக்கும் கிணற்றை ஒரு நாள் சோதனையை மட்டும் வைத்து நல்ல கிணறு என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் இரண்டு குப்பிகளுக்கு வருகிறேன். சாம்பல் நிறமும் கறுப்பு என்றே கொள்ளுங்கள். 48 மணி நேரத்துக்குள் எந்த அளவுக்குக் கறுமை தட்டினாலும் அந்த நீர் தேறவில்லை என்றே பொருள். தாமதமாகக் கறுத்தது, குழாய் நீரில் பாக்டீரியா எண்ணிக்கை குறைவாக இருந்ததைக் காட்டலாம். குடிக்கத் தகுந்தது என்று காட்டாது. வாளித் தண்ணீர் முந்திக்கொண்டதற்குக் கிணறு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கொல்லைத் தரையில் கிடந்த கயிறு, ஈரக்கை பட்ட வாளி விளிம்பு, கோழி மிதித்த கிணற்று மேடை ஆகிய எதிலிருந்தும் கிருமி வந்திருக்கலாம். வீட்டுச் சோதனைகளில் நான் அதிகம் காணும் பிழை மாதிரி எடுப்பதில்தான் நடக்கிறது. அதனால் ஒரு முறை ஒழுங்காக மாதிரி எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். அதற்கு முன் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள். குளோரின் மிச்சம் இருக்கும் நீரில் குப்பி கறுக்காது, அது உங்களுக்குப் பொய்யான நிம்மதியையே தரும்.

மோட்டார் குழாயில், மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் முன்பே நீர் பிடிக்க ஒரு திருகு இருந்தால் அதுவே கிணற்று நீருக்குச் சிறந்த இடம். திருகின் வாயில் கட்டியிருக்கும் துணி, ரப்பர் குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உலோகத் திருகு என்றால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்து, வாயைச் சுற்றி ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள். பிளாஸ்டிக் என்றால் ஸ்பிரிட்டால் உள்ளும் புறமும் துடைத்துக் காயவிடுங்கள். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நீர் மெல்லிய தாரையாக விழும்படி வைத்து, சோப்புப் போட்டுக் கழுவிய கையால் குப்பியைத் திறந்து, மூடியின் உட்புறத்தையோ குப்பியின் வாயையோ தொடாமல், குறித்த கோடு வரை பிடித்து உடனே மூடுங்கள். குப்பியை முன்னதாகக் கழுவக் கூடாது; உள்ளே இருக்கும் மருந்து போய்விடும். திருகு இல்லாவிட்டால், இருபது நிமிடம் கொதிநீரில் கிடந்த எவர்சில்வர் சொம்பைப் புதுக் கயிற்றில் கட்டி, உறையின் சுவரில் உரசாமல் நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழ்வரை இறக்கி எடுங்கள். நீரில் மூழ்கக்கூடிய அந்தக் கயிற்றுப் பகுதியும் சொம்போடு கொதித்திருக்க வேண்டும்.

ஐந்து குப்பிகளோடு இன்னும் இரண்டு சேர்த்து வாங்குங்கள். ஒன்றில், பத்து நிமிடம் கொதித்து மூடியபடியே ஆறிய நீரை ஊற்றுங்கள். அது கறுக்கக் கூடாது. மற்றொன்றில் வாய்க்கால் நீரை ஊற்றுங்கள். அது கறுத்தாக வேண்டும். கொதித்த நீர் கறுத்தால் உங்கள் கைமுறையிலோ குப்பியிலோ குற்றம் இருக்கிறது. வாய்க்கால் நீர் கறுக்கவில்லை என்றால், பெரும்பாலும் மருந்து காலாவதியாகிவிட்டது அல்லது குப்பிகளுக்குப் போதிய சூடு கிடைக்கவில்லை. இந்த இரண்டும் இல்லாமல் செய்த வீட்டுச் சோதனையை என்னிடம் கொண்டுவந்தால், முதலில் இதைத்தான் கேட்பேன்.

சூட்டைப் பற்றிப் பெரும்பாலோர் கவலைப்படுவதில்லை. பாக்டீரியா பெருக 30 முதல் 37 டிகிரி வரை வெப்பம் வேண்டும். சித்திரை, வைகாசியில் குப்பியை அலமாரியில் வைத்தாலே போதும். கார்த்திகை, மார்கழி இரவுகளில் உங்கள் பகுதியில் அந்த வெப்பம் இருக்காது. இனிச் சமையலுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய ஹாட்பாக்ஸ் ஒன்றில் குப்பிகளை நிறுத்தி, பக்கத்தில் கை பொறுக்கும் சூட்டில் நீர் நிரப்பிய பாட்டிலை வைத்து மூடி, ஆறும்போதெல்லாம் அந்த நீரை மாற்றுங்கள். 12, 24, 48 மணி நேரத்தில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நேரத்தோடு எழுதிவையுங்கள். கறுமை பெரும்பாலும் காகிதத் துண்டின் ஓரத்திலோ குப்பியின் அடியிலோ முதலில் தட்டி, அங்கிருந்து மேலே பரவும். மேலிருந்து மட்டும் பார்த்தால் தவறவிடுவீர்கள். நீரை ஊற்றிய சில நிமிடங்களிலேயே கறுத்துப்போனால் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்க முடியாது. நீரிலேயே கந்தக வாயு கரைந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட நீரில் அழுகிய முட்டை வாடை வரும், அதற்கு இந்தச் சோதனை உதவாது.

கறுத்த குப்பியை முகர்ந்து பார்க்காதீர்கள், குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். உள்ளே கிருமிகள் பல மடங்கு பெருகியிருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைக் குப்பிக்குள் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்திருந்து, கழிப்பறையில் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் கொட்டவே கூடாது.

வீட்டில் திரும்பச் செய்யும் அதே வாரத்தில் ஆய்வகத்துக்கும் ஒரு மாதிரி கொடுத்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது; கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் சோதித்துக்கொள்ளலாம். போவதற்கு முன் தொலைபேசியில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கு எந்தெந்த நாளில் மாதிரி வாங்குகிறார்கள், கிருமி நீக்கிய குப்பியை அவர்களே தருவார்களா, கட்டணம் எவ்வளவு. வெறுமனே "தண்ணீர் டெஸ்ட்" என்று கேட்டால் உப்பு, கடினத்தன்மை போன்ற வேதியியல் சோதனை மட்டும் செய்து கொடுத்துவிடக்கூடும். மொத்தக் கோலிஃபார்ம், ஈ-கோலை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், நைட்ரேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த நீரைப் பனிக்கட்டி வைத்த பெட்டியில், உறைந்துவிடாமல், ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. எக்காரணத்தாலும் ஒரு நாளைத் தாண்டக் கூடாது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் யாரிடம் அந்தப் பெட்டி இருக்கிறது என்று விசாரித்தால் குப்பிச் செலவு மிச்சமாகலாம்.

நைட்ரேட்டைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கழிவுநீர் மண்ணில் இறங்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி நீரோடு நகர்கிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கும் வீடுகளில் இது மிக முக்கியம். உரம் போடும் வயல் பக்கத்தில் இருந்தாலும் நைட்ரேட் உயரும் என்பதால், முடிவை ஈ-கோலையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

டிடிஎஸ் 380 என்பது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, அவ்வளவே. 500 வரை ஏற்கத்தக்கது என்பதால் உங்கள் நீர் உப்பு வகையில் நல்ல நீர்தான். அந்த மீட்டரால் ஒரு பாக்டீரியாவைக்கூடக் காண முடியாது, கண்ணாலும் முடியாது. உப்பு குறைந்த இந்த நீருக்கு ஆர்.ஓ. வாங்குவது என் பார்வையில் தேவையற்ற செலவு, நைட்ரேட் மிகுந்திருந்தால் ஒழிய. புற ஊதா விளக்குக் கருவி கிருமியைக் கொல்லும் என்பது உண்மை; ஆனால் மின்சாரம் இருக்கும்போது, நீர் கலங்கலின்றி இருக்கும்போது, விளக்கின் ஆயுள் தீராதபோது மட்டும். அது சமையலறைக் குழாய் ஒன்றைக் காக்கும். உங்கள் மகள் குளிக்கும்போது விழுங்கும் நீரை அது தொடாது. நான் முதலில் கிணற்றுக்குச் செலவு செய்யச் சொல்வேன்.

கிருமி எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். பழைய உறைக்கிணறுகளில் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளைப் பூசாமல் விட்டிருப்பார்கள். பக்கவாட்டில் ஊற்று வரட்டும் என்பதற்காக. கோடையில் நீர்மட்டம் கீழே இருக்கும்போது மேல் மண் ஓரளவு வடிகட்டித் தரும். ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் ஏறி, கழிவுநீர்க் குழியின் அடியையே தொட்டுவிட்டால், கழிவு மண்ணில் வடிய இடமின்றி அப்படியே நிலத்தடி நீரில் கலந்து, மேல் இணைப்புகள் வழியாகக் கிணற்றுக்குள் இறங்கும். ஆற்று மணல் கலந்த உங்கள் மண்ணில் அது விரைவாகவே நடக்கும். கிணற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் இடையே 50 முதல் 60 அடி வேண்டும் என்பது பொது விதி. உங்களுக்கு அதில் பாதிதான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இருப்பது அடியும் சுவரும் பூசிய உண்மையான செப்டிக் டேங்கா, அல்லது உறை இறக்கி அடியைத் திறந்துவிட்ட குழியா என்று கேட்டறியுங்கள். பின்னதையும் செப்டிக் டேங்க் என்றே நம் ஊர்களில் சொல்கிறார்கள். ஆய்வக முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த வீட்டிலும் கிணறோ போரோ இருந்தால் அவர்களுடைய நீரும் இதே ஆபத்தில்தான் இருக்கிறது. அடியைப் பூசி, வழியும் நீரைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் கொண்டுபோவது அவர்கள் செய்ய வேண்டியது. பேச்சில் தீராவிட்டால் ஊராட்சியிடமும் வட்டாரச் சுகாதார ஆய்வாளரிடமும் எழுத்து மூலம் கொடுங்கள்.

உங்கள் பக்கத்தில், நீர்மட்டம் இறங்கும் பங்குனி, சித்திரையில் அனுபவமுள்ள கிணற்று ஆட்களைக் கொண்டு மேலிருந்து 20 அடி வரையாவது உறை இணைப்புகளைச் சிமெண்டால் பூசச் சொல்லுங்கள். கிணற்றைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாத விரிசலற்ற மேடையும், நீர் வெளியே ஓடும் வாட்டமும், இரண்டரை அடிக் கைப்பிடிச் சுவரும், மூடியும் வேண்டும். வாளியால் இறைப்பதை நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் பயன்படுத்துங்கள்.

மாதிரிகளைக் கொடுத்தபின் கிணற்றுக்குக் குளோரின் இடலாம். கிணற்றின் குறுக்களவையும் நீரின் ஆழத்தையும் அடிக்கணக்கில் அளந்து, குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 22-ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். மூன்றடி உறையில் 16 அடி நீர் நின்றால் ஏறத்தாழ 3,170 லிட்டர். கெட்டுப்போன கிணற்றைச் சுத்தப்படுத்த லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 25 சதவீத வலுவுள்ள பிளீச்சிங் பவுடரில் அது ஏறத்தாழ 630 கிராம். பொட்டலம் புதியதாக இருக்கட்டும், திறந்து ஈரம் பட்டதில் வலு போயிருக்கும். மூக்கையும் கண்ணையும் காத்துக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் ஒரு தடவைக்கு 100 கிராமாகக் குழைத்து நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் நீரின் கடினத்தன்மை கூடும். பிறகு மோட்டாரைப் போட்டு, வீட்டின் ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். மறுநாள் வாடை போகும்வரை இறைத்து வெளியேற்றுங்கள். செடிகளிலோ மீன் உள்ள குளத்திலோ விட வேண்டாம். மேல்நிலைத் தொட்டியை இதோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

இது அன்றைக்கு உள்ள கிருமியைக் கொல்லும், கசிவை அடைக்காது. கசிவு நிற்கும்வரை மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடரை அதேபோல் தெளியவைத்துக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சமிருக்கிறதா என்று, சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும் எளிய கருவியால் பார்த்துக்கொள்ளலாம். குடிநீரை இதன் பிறகும் கொதிக்க வையுங்கள். குளோரினுக்கு எளிதில் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் உண்டு.

கிணற்றில் குளோரின் முற்றிலும் நீங்கி ஒரு வாரம் ஆனபின் ஐந்து குப்பிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும், பூச்சு வேலைகள் முடிந்த பிறகு அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக் கிணறு ஏறும்போது இன்னொரு முறை ஆய்வகத்திலும் பாருங்கள். மழைக்காலத்தில் எடுத்த மாதிரிதான் உங்கள் கிணற்றின் உண்மை நிலையைச் சொல்லும். அப்போது ஈ-கோலை இல்லையென்றால் கிணற்றை மூடும் பேச்சுக்கே இடமில்லை. இணைப்புகளைப் பூசியும், பக்கத்துக் குழியைச் சரிசெய்தும் மீண்டும் வந்தால், இந்தக் கிணற்றைத் துணி துவைக்கவும் தோட்டத்துக்கும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் ஊராட்சிக் குழாய் நீருக்கு மாறிவிடுங்கள்.